உதடு குவியாத உகரம்

தெமுகோவில் ரயிலடிக்குப் பின்னால் என் அச்சகம்.
ஒரே ஓர் இயந்திரம், காலால் மிதிப்பது.
நொடித்துப்போன சர்க்கஸ் கம்பெனியின்
சுவரொட்டி எழுத்துகளை
எடைக்கு வாங்கியிருந்தேன்.
சிங்கம் பாய்ந்ததும் பெண் பறந்ததும்
இந்த மரக்கட்டைகளில்தான்.

பெட்டியில் ஓர் எழுத்து மட்டும் கிடையாது:
தலையில் இரண்டு புள்ளி வைத்த உகரம்.
ஸ்பானிய மொழிக்கு அது எப்போதாவதுதான் தேவைப்படும்.
பென்குயின் என்று எழுத வேண்டும்,
வெட்கம் என்று எழுத வேண்டும்.
சர்க்கஸ்காரனிடம் இரண்டும் இருக்கவில்லை போலும்.

எங்கள் மாபுச்சே பேச்சில்
அது இல்லாமல் சூரியன் உதிக்காது.
உதடு குவியாமல்
பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிடும் உகரம்.
என் அக்கா மகன் பெயரில் இருக்கிறது.
அந்துலெஃப்.
வயது பதினான்கு.

மே மாதம், விடிவதற்கு முன்,
பைன் மரக் கம்பெனியின் லாரியை எரித்தவனைத் தேடி
மூன்று கவச வண்டிகள் வந்தன.
தேடிய ஆள் அகப்படவில்லை.
சிறுவன் ஓடினான் என்கிறது அறிக்கை.
வாஸ்தவம்.
அவன் பெயருக்கே ஓடும் சூரியன் என்றுதான் பொருள்.
கன்றுக்குட்டி அறுத்துக்கொண்டு போனதால் ஓடினான் என்பதற்கு
அறிக்கையில் இடமில்லை.
பெயரின் புள்ளிகளுக்கும்.

முதுகில் பதினொரு ஈயக் குண்டு, மிளகு மிளகாக.
ஒன்பதை எடுத்தார்கள்.
மற்ற இரண்டும் தண்டுவடத்தை ஒட்டி.
தொட்டால் கால் போய்விடும்,
இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டர்,
வாடகைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்வதுபோல.

சிறுநீர் பரிசோதனைக் குப்பியில் ஒன்பதையும் போட்டு
அக்கா கையில் திணித்தாள் நர்ஸ்.
"சாட்சியம்னு இங்க வெச்சா தொலைஞ்சுபோயிடும்."

ஒன்பது மிளகில் எழுத்து வார்க்க முடியுமா?
யாரிடமோ சொன்னேன். ஊருக்கே தெரிந்துவிட்டது.
குதிரையின் தொடையிலிருந்து ஆறு வந்தது.
கோழிக்கூட்டுக் கதவைக் கத்தியால் நோண்டி எடுத்தவை வந்தன.
போன வருஷச் சோதனையில்
ஃபிரிட்ஜுக்குள் புகுந்தவை.
பாஸ்குவாலாவின் காதில் இருந்த ஒன்று, பஞ்சில் சுற்றி.
ரெமிஹியோ ஒரு தம்ளர் நிறையக் கொண்டுவந்தான்.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

மத்தி மீன் டின்னில் உருக்கினேன்.
ஜன்னலைத் திறந்துவைத்தும் தலை வலித்தது.
பிளாஸ்டர் அச்சில் ஊற்றி
இரவெல்லாம் விட்டுவைத்தேன்.
உகரம் முழுசாக வந்தது.
புள்ளிகளுக்கு ஈயம் போதவில்லை.

"இன்னும் யாரையாவது சுட்டால்தான் உண்டு" என்றேன்.
அக்கா சிரிக்கவில்லை.

அந்துலெஃப் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.
சிவப்பு மையில் கட்டைவிரலைத் தோய்த்தான்.
ஈரத் தாளில், உகரத்தின் தலைமேல்
ஒன்று.
பக்கத்தில் இன்னொன்று.
"பாக்கி ரெண்டும் எங்கிட்டதானே இருக்கு, சித்தி."

கைரேகை விழுமேடா என்றேன்.
விழட்டும் என்றான்.

இருநூறு தாள்.
பாதிக்கு மேல் அவனுக்கு அலுத்துவிட்டது.
ரேடியோவில் ஃபுட்பால் கேட்டுக்கொண்டே வைத்தான்.
சில புள்ளிகள் கோணல்.
தெமுகோ கோல் வாங்கியபோது
ஒரு தாளில் மூன்று விழுந்துவிட்டது.
அதைத்தான் நீதிமன்ற வாசலில் ஒட்டினோம்.

வியாழக்கிழமை ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார்.
கிழித்த தாள் கையில்,
பசை இன்னும் காயவில்லை.
யார் இது என்று கேட்டுவிட்டு
பெயரை வாய்விட்டுப் படித்தார்,
உதட்டை நன்றாகக் குவித்து.

ஸ்டூலில் இருந்தபடியே பையன் சொன்னான்:
"குவிக்காதீங்க."

அவர் என்னைப் பார்த்தார்.
நான் மிதிப்பதை நிறுத்தவில்லை.
ஏனோ அவர் மறுபடி சொல்லிப் பார்த்தார்.
வரவில்லை.

"இன்னொரு தரம்" என்றான்.